ஒரே வீட்டில் அக்கா ஒல்லி, தம்பி பருமன்: ஜீனா, சோறா?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டது, சுருக்கமாக: மகனுக்கு 9 வயது. உயரம் 134 செ.மீ., எடை 46 கிலோ, தொப்புள் மட்டத்தில் இடுப்பு 78 செ.மீ. மகளுக்கு 13 வயது, ஒல்லி. "ஒரே வீடு, ஒரே சோறு. இவன் மட்டும் அவங்க அப்பாரு (அப்பாவைப் பெத்த தாத்தா) வாகுங்க, ரத்தத்துலயே வந்ததுன்னு எங்க அத்தை சொல்றாங்க. அப்படின்னா நாம சோத்தைக் குறைச்சு என்னங்க ஆகப்போகுது?"

உங்கள் அத்தை சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அதிலிருந்து நீங்கள் வந்து நிற்கும் முடிவுதான் தப்பு.

முதலில் கணக்கு. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ.: 46 ÷ 1.34 ÷ 1.34 = 25.6. இதைப் பெரியவர்களுக்கான கோட்டோடு ஒப்பிட்டு "கொஞ்சம்தானே கூட" என்று விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது கோடு மாறும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயது வரைக்கும் ஆண், பெண் தனித்தனியாக வளர்ச்சி வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அதில் மேலே இரண்டு கோடுகள் உண்டு. பெரியவர்களின் 23-க்குச் சமமானது அதிக எடை, 27-க்குச் சமமானது உடல் பருமன். உங்கள் மகனின் புள்ளி மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. வீட்டிலேயே பார்க்கக்கூடிய இன்னொரு அளவு, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. அவனுக்குப் பாதி 67, இருப்பதோ 78. "வளர்ற புள்ள, உயரம் போனாச் சரியாப்போயிரும்" என்று காத்திருக்கும் கட்டம் கடந்துவிட்டது.

இனி ஜீன், அதாவது மரபணு விஷயம். இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன: தத்துப் பிள்ளைகள், இரட்டையர்கள். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை வைத்து 1986-ல் வெளிவந்த ஆய்வில், அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது; வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஸ்வீடனில் தனித்தனி வீடுகளில் வளர்ந்த, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களின் பி.எம்.ஐ.யும் நெருக்கமாகவே இருந்தது (1990). இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் உடல் எடையில் 40 முதல் 70 சதவீதம் மரபு என்கிறார்கள். இந்த எண்ணை நிறையப் பேர் தவறாகப் படிக்கிறார்கள். இது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது. உங்கள் மகனின் 46 கிலோவில் 30 கிலோ ஜீன், 16 கிலோ முட்டை பப்ஸ் என்று பிரிக்கவே முடியாது.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தண்ணீர் வராத வருஷத்தில் எந்த ரகமும் ஒன்றுதான், எல்லாம் கருகும். தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கிடைக்கும் வருஷத்தில்தான் எந்த ரகம் எவ்வளவு எழும்பும் என்று தெரியும். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் ஊர்க் குடும்பங்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்ததில் இதுவே தெரிந்தது. எடையோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. என்ற ஜீனின் விளைவு 1942-க்குப் பின் பிறந்தவர்களிடம்தான் தென்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களிடமும் அதே ஜீன் இருந்தது, எடைதான் ஏறவில்லை. பிமா பழங்குடியினர் இன்னொரு உதாரணம். ஒரே வம்சம். மெக்சிகோ மலையில் விவசாயம் செய்தவர்களின் சராசரி எடை 64 கிலோ, அமெரிக்காவின் அரிசோனாவில் குடியிருந்தவர்களுக்கு 90 கிலோ. அப்பாருவின் ஜீன் அப்பாருவிடமும் இருந்தது; ஒன்பது வயதில் அவர் 46 கிலோ இருந்தாரா என்று அத்தையிடமே கேட்டுப் பாருங்கள்.

எஃப்.டி.ஓ.வுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 2007-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எடை கூட்டும் வடிவம் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டும் வந்தவர்கள், ஒன்றுகூட வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். ஒரு ஜீனுக்கு இதுவே பெரிய விளைவு. மற்றவை நூறு கிராம், இருநூறு கிராம் என்று சேர்பவை, அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2019-ல் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். மிக அதிக மதிப்பெண் உள்ள பிள்ளைகளுக்கும் மிகக் குறைவானவர்களுக்கும் பிறக்கும்போது எடை வித்தியாசம் 60 கிராம்தான். 8 வயதில் 3.5 கிலோ, 18 வயதில் 12 கிலோ. பிறவியிலேயே வந்த ஜீன் இவ்வளவு வருஷம் கழித்து எப்படி வேலை காட்டுகிறது?

பசி வழியாக. ஜீன் என்றதும் "இவனுக்கு மெட்டபாலிசம் ஸ்லோ, தின்னது எரியறதில்லை" என்று நினைத்துக்கொள்கிறோம். இதுவரை தெரிந்த எடை ஜீன்களில் பெரும்பாலானவை வேலை செய்யும் இடம் மூளை, அதிலும் பசியையும் நிறைவையும் கவனிக்கும் ஹைப்போதலாமஸ். ஸ்காட்லாந்தில் 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தட்டில் பல பண்டங்களை வைத்துச் சோதித்தார்கள் (2008). எஃப்.டி.ஓ. வடிவம் உள்ள பிள்ளைகள் உடல் எரிக்கும் கலோரியில் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். சாப்பிட்ட பண்டத்தின் எடைகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒரு வேளைக்குச் சுமார் 100 கலோரி அதிகம் உள்ளே போயிருந்தது, கலோரி செறிந்த பண்டமாகப் பார்த்து எடுத்ததால். வயிறு நிறைந்தது மெதுவாகத் தெரிவது, நிறைந்த பிறகும் பண்டத்தைக் கண்டால் கை போவது, வேகமாகச் சாப்பிடுவது ஆகிய மூன்றும் பெருமளவு மரபாக வருபவை. ஆக, உங்கள் மகன் அடம் பிடிப்பதோ ஆலாய்ப் பறப்பதோ கெட்ட பழக்கம் அல்ல. "போதும்" என்ற சேதி அவனுக்குத் தாமதமாக வருகிறது. அவனைத் திட்டுவதால் அந்தச் சேதி சீக்கிரம் வந்துவிடாது.

அக்காள் ஏன் ஒல்லி? உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி ஜீனைத்தான் பகிர்கிறார்கள். எந்தப் பாதி யாருக்கு வந்தது என்பது தற்செயல். அதோடு, வீடும் ஒன்றல்ல, நன்றாகக் கவனித்துப் பாருங்கள். "ஆம்பளப் புள்ள, நல்லாத் தின்னுட்டும்" என்று இரண்டாவது முட்டை யார் தட்டில் விழுகிறது? கேட்கிற பிள்ளைக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கும், பசி ஜீன் உள்ள பிள்ளைதான் அதிகம் கேட்கும். இப்படி ஜீனே தனக்குத் தோதான சூழலை வீட்டுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. ஜீனா, சூழலா என்று தராசில் வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஜீனிலும் சேராமல், தட்டிலும் சேராமல் மூன்றாவது ஒன்று உண்டு: கர்ப்பகாலம். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அளந்தபோது அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. 2.3, 2.4 கிலோவில் பிறந்த குழந்தையைப் பார்த்து ஆத்தாவும் அம்மாயியும் பதறி, ஆறே மாதத்தில் கொழுகொழு என்று ஆக்கப் பால் பவுடரும் சர்க்கரை போட்ட கூழும் ஏற்றும்போது ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. முதல் இரண்டு வருஷத்தில் எடை வரைபடத்தில் கோடு தாண்டிக் கோடு ஏறிய பிள்ளைகளுக்குப் பின்னால் பருமன் வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்தாலும் அப்படியே. பிமா குடும்பங்களில், தாய்க்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட வந்த பின் பிறந்த பிள்ளைக்கு எடை கூடுதல். ஒரே தாய், ஒரே தகப்பன், கர்ப்பப்பைக்குள் இருந்த சர்க்கரை அளவுதான் வேறு. உங்கள் இரண்டாவது கர்ப்பத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்ததா என்று பழைய சீட்டில் பாருங்கள். இருந்தால் அக்காள்-தம்பி வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

உண்மையிலேயே ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போய் வரும் பருமன் அரிது. ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது உயரம். சாப்பாட்டால் பருத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மீறி உயரமாக இருக்கும். குட்டையாகவும் பருமனாகவும் இருந்தால்தான் தைராய்டு, கார்ட்டிசால் போன்ற ஹார்மோன் கோளாறைத் தேட வேண்டும். உங்கள் மகன் சராசரியைவிட உயரம், ஆகவே "தைராய்டா இருக்கும், டெஸ்ட் எடுத்துரலாம்" என்று பல வீடுகளில் தொடங்கும் ஓட்டம் உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு, மூன்று வயதிலேயே அடங்காப் பசியோடு எடை எகிறினால் லெப்டின் ("போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்), எம்.சி.4.ஆர். (மூளையில் பசியை அடக்கும் ஜீன்) கோளாறுகள். பிறந்தபோது துவண்டு, பால் குடிக்கத் தெம்பில்லாமல் இருந்த குழந்தை பிறகு ஓயாமல் தின்றால் பிராடர்-வில்லி என்ற பிறவிக் கோளாறு. கையிலோ காலிலோ ஆறாம் விரல், மாலையில் கண் மங்கல் இரண்டும் சேர்ந்தால் பார்டே-பீடில் என்ற பிறவிக் கோளாறு. மூச்சிளைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை நாள்கணக்கில் கொடுத்ததும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத நாட்டுப் பொடிகளும் இதே உருவத்தைத் தரும்.

1997-ல் லெப்டின் குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இரண்டு பிள்ளைகளும் ஒரே குடும்பத்தின் உறவினர்கள். சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பம். ஒரு பிள்ளை எட்டு வயதில் 86 கிலோ, இன்னொரு பிள்ளை இரண்டு வயதில் 29 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் அந்தப் பெரிய பிள்ளையின் பசி அடங்கி எடை இறங்கியது. இங்கே கொங்கில் ஒரே கூட்டத்துக்குள் (குலத்துக்குள்) பெண் எடுக்க மாட்டோம், அது அண்ணன் தங்கை முறை. ஆனால் மாமன் மகளை முறைப்பெண் என்று தாராளமாகக் கட்டுகிறோம். கூட்டம் தகப்பன் வழியில் மட்டும் போவது. கூட்டம் வேறாக இருந்தாலும் மாமன் மகளோடு ஜீனில் எட்டில் ஒரு பங்கு பொதுதான். சொந்தத்தில் கட்டியிருந்து மேலே சொன்ன அடையாளங்களும் இருந்தால் கோவையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பார்த்து ஜீன் சோதனை கேட்பது நியாயம். அப்படி எதுவும் இல்லாத பிள்ளைக்கு, எச்சில் அனுப்பினால் "உங்கள் ஜீனுக்கேற்ற டயட்" தருகிறோம் என்ற விளம்பரங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். வரும் பட்டியலில் இருக்கப் போவது நாம் இங்கே பேசுவதுதான்.

சரி, சூழல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி போதும். ஐந்து மணிக்கு வேனிலிருந்து இறங்கும் இடத்தில் பேக்கரி. ஒரு முட்டை பப்ஸ் 250 முதல் 300 கலோரி, அதில் முட்டைக்கு 40 கூட வராது, பாதி முட்டைதான் இருக்கும். மீதி எல்லாம் மைதாவும் அதன் அடுக்குகளுக்கிடையே தடவிய வனஸ்பதியும். 2022 முதல் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத வரம்பு வந்திருப்பது நல்லதுதான், ஆனால் அதனால் கலோரி குறையவில்லை. கூட ஒரு ஜூஸ் பாக்கெட் 200 மில்லி, சர்க்கரை 20 கிராமுக்கு மேல், 80 கலோரிக்குக் குறையாது. ஆக ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. பசியும் அடங்காது. இதை ஓடித் தீர்க்க ஒன்றரை மணி நேரம் நிற்காமல் விளையாட வேண்டும், அதற்கு டியூசன் விடாது.

சனிக்கிழமை தள்ளுவண்டிக் காளானையும் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோசை மைதாவும் சோளமாவும் போட்டுப் பிசைந்து பொரித்து, அந்த உருண்டைகளைத் தோசைக்கல்லில் கொத்தி, மசாலாவில் மறுபடி எண்ணெய் விட்டுக் கொதிக்கவிட்டுத் தருகிறார்கள். காளான் சில வண்டிகளில் பேருக்குத்தான். மாதம் ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது. "காய்தானே" என்று வாரம் மூன்று நாள் வாங்கித் தருவதுதான் சிக்கல்.

வீட்டுக்குள்ளும் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ருசியில் உசத்தி. கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி. ராகியும் அரிசியும் 100 கிராமுக்குக் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. களியாகத் தின்றால் வயிறு சீக்கிரம் நிறையும். மால்ட் என்று வெல்லம் போட்டுக் குடித்தால் அதுவும் இனிப்புப் பானம்தான். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு நல்ல பயறு, புரதமும் நாரும் உண்டு, கடைந்து போட்டால் சோறு கொஞ்சம் குறையும். கொழுப்பை அது கரைக்காது, வெறும் கொள்ளு ரசத்தைக் காலையில் குடிக்க வைத்துப் பிள்ளையைச் சித்திரவதை செய்ய வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. இலக்கு எடை குறைப்பது அல்ல, நிறுத்துவது. இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. உயரம் போகும். 46 கிலோவிலேயே நின்றால், 140 செ.மீ. ஆகும்போது பி.எம்.ஐ. 23.5, 146 ஆகும்போது 21.6. வயதோடு கோடும் மேலே ஏறுவதால் இரண்டு வருஷத்தில் அவன் பருமன் கோட்டுக்குக் கீழே வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. பட்டினி போட்டால் உயரமும் நிற்கும், ஒளித்துத் தின்னவும் பழகுவான்.

"போதும்" என்ற சேதி தாமதமாக வரும் பிள்ளைக்கு நேரம் வாங்கித் தருவதுதான் முதல் உபாயம். சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். அடுப்படியிலேயே தட்டில் போட்டுக் கொடுங்கள்: பாதித் தட்டு பொரியல் அல்லது கூட்டு, கால் தட்டு சோறு, கால் தட்டுக்குப் பருப்பு, தட்டைப்பயறு, முட்டை, கோழி ஏதாவது. அரிசியும் பருப்பும் சாதம் செய்யும் நாளில் பருப்பின் அளவைக் கூட்டி, கூட ஒரு கிண்ணம் காயோ தயிர்ப் பச்சடியோ வையுங்கள். நெய் ஒரு தேக்கரண்டி, ஊற்றுவது நீங்கள். முதலில் காயை எடுக்கச் சொல்லுங்கள். மறுசோறு கேட்டால் மறுக்காதீர்கள், "கால் மணி நேரம் கழிச்சுத் தர்றேன் கண்ணு" என்று சொல்லி, அப்போதும் கேட்டால் கொடுங்கள். பாதி நாள் கேட்க மாட்டான். செல்போனைப் பார்த்துக்கொண்டு தின்றால் இந்த முறை எதுவும் பலிக்காது, கவனம் திரையில் இருக்கும்போது நிறைவுச் சேதி இன்னும் பிந்தும்.

பண்டத்தைக் கண்டால் கை போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் பாக்கெட் இருக்கக் கூடாது. மேல் அலமாரியில் ஒளித்து வைப்பது பயன் தராது, அவனுக்கு உங்களைவிட நன்றாக இடம் தெரியும். வேனிலிருந்து இறங்கியதும் கையில் எடுக்கத் தயாராகச் சுண்டல், வேகவைத்த கடலை, கொய்யா, மோர். இது ஐந்து மணிக்குத் தயாராக இல்லாவிட்டால் பேக்கரிதான் ஜெயிக்கும். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வீடு திரும்பும் பெற்றோர் பிள்ளை கையில் கொடுத்துப் போகும் 20 ரூபாய் நேராகப் பேக்கரிக்குப் போகும். அவர்கள் காலையிலேயே சுண்டலை டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவதுதான் வழி. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து, நால்வருக்கு இரண்டு லிட்டர் வாங்கி, அது மாசக் கடைசி வரை வருகிறதா என்று பாருங்கள்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஏழு மணி வேனுக்கு ஆறு மணிக்கு எழுந்தால் ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பு, எண்ணெய்ப் பண்டத்தின் மேல். எட்டரை மணி டியூசனை விடச் சொல்வது உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் டியூசன், தூக்கம், ஒரு மணி நேர விளையாட்டு மூன்றில் ஒன்றைத்தான் குறைக்க முடியும் என்றால் நான் டியூசனைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் "அவனுக்கு மட்டும்" என்ற இடத்தில். அவனுக்குக் களி, மற்றவர்களுக்குப் பரோட்டா என்று வைத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அடுத்தது பெரியவர்கள். நீங்கள் குறைப்பதை அப்புச்சி கடைவீதியில் கூட்டிப்போய் ஈடுகட்டுவார். அவரைத் தடுக்காதீர்கள், வேலை மாற்றிக் கொடுங்கள்: சாயங்காலம் பேரனோடு வாய்க்கால் கரையில் நடப்பது அவர் பொறுப்பு. "குண்டா" என்று கூப்பிடுவதை வீட்டில் அடியோடு நிறுத்துங்கள், கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு எடை இன்னும் கூடுகிறது. தராசில் மாதம் ஒரு முறை, உயரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

ஒரு முறை மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), எஸ்.ஜி.பி.டி. (ஈரல் சோதனை), ரத்தக் கொழுப்பு பார்த்துவிடுங்கள். பின்கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கல்ல, கடலை மாவு போட்டுத் தேய்க்க வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் வெளி அடையாளம். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அக்காளையும் விட்டுவிடாதீர்கள். ஒல்லி என்பதால் அவள் தின்னும் பப்ஸ் அவளை ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. நம் மக்களில் கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது சகஜம், எடை அதைக் காட்டாது. அவளுக்கும் இடுப்பை அளந்து உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா பாருங்கள். பதின்மூன்று வயது என்பதால் அதே ரத்தப் பரிசோதனை நாளில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம்.